வீட்டாருக்கு விளங்கும்

என் நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசும் இடத்தில், உளுந்தளவில் ஒரு வெள்ளைப் புண் வந்தது. நோவு இல்லை, புளி பட்டால் மட்டும் எரிந்தது. வாய்ப்புண்ணுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று முடிவெடுத்து, மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துக் குடித்தேன். கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் கீரை விற்கும் பெண் எனக்கென்று ஒரு கட்டு எடுத்து வைப்பாள். வெந்தயத் தண்ணீர், இளநீர், காலையில் நல்லெண்ணெய் கொப்பளிப்பு என்று மற்றவையும் நடந்தன. புண் கொஞ்சம் ஆறும், திரும்ப வரும். ஆறிய நாட்களில் கீரையைப் புகழ்ந்தேன். வந்த நாட்களில் கீரையைக் கூட்டினேன். ஒரு மழைக்காலம் முழுவதும் இப்படியே போயிற்று.

இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பயனுள்ள விஷயம் ஒன்றுதான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாயில் ஒரு புண் மூன்று கிழமைக்குள் ஆறாவிட்டால் கீரையை நிறுத்திவிட்டுப் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். சூடு என்று நீங்களாகவே பெயர் வைக்காதீர்கள். மிச்சமெல்லாம் எனக்கு நடந்தவை. அவற்றால் உங்களுக்குப் பயன் உண்டா என்று எனக்குத் தெரியாது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, வேலைக்காகக் கண்டிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர். வழக்கு சிங்களத்தில் நடக்கும். தமிழ் பேசும் சாட்சி கூண்டில் ஏறினால் நான் பக்கத்தில் நின்று கேள்வியைத் தமிழிலும் பதிலைச் சிங்களத்திலும் சொல்வேன். சாட்சி "நான் கண்டேன்" என்றால் நானும் "நான் கண்டேன்" என்றே சொல்ல வேண்டும். "அவர் கண்டாராம்" என்று சொல்லக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஒரு தடவை காணி வழக்கில் ஒரு முதியவர் நீதிபதியைப் பார்த்துக் கழுதை என்றார். நானும் நீதிபதியைப் பார்த்து, அதே குரலில், கழுதை என்றேன். நீதிபதி சிரித்துவிட்டார். முதியவருக்கு அபராதம்.

சாப்பாட்டிலும் அப்படித்தான் இருந்தேன். சிவப்பரிசிச் சோறு, குரக்கன், கீரை வறை. மரக்கறி மட்டும். தேநீருக்குச் சீனி இல்லை. விடிய முன் கண்டிக் குளத்தைச் சுற்றி நடை. கல்யாண வீட்டில்கூட வெற்றிலை தொட்டதில்லை. என் கணவர் சிவநேசன் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். அவர் ஒரு நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் புகைப்பார், பொரித்த ரோல்ஸ் கண்ட இடத்தில் நிற்பார், நடையென்றால் சிகரெட் வாங்கக் கடைக்குப் போவதுதான். அவருடைய இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன.

பல் வைத்தியர் புண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். ஓரம் கல் மாதிரி இருக்கிறது என்றார், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். அங்கே மரக்கச் செய்து நெல்லளவு சதை வெட்டி எடுத்தார்கள். இதைத்தான் பயொப்சி என்பார்கள். வெட்டிய சதையை உருப்பெருக்கியின் கீழ் பார்த்து என்ன நோய் என்று சொல்வார்கள்.

முடிவைச் சொன்னவர் வாய், தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர். என் வயதுதான் இருக்கும். சிங்களத்தில் தொடங்கி இடையிடையே ஆங்கிலத்துக்கு மாறினார். எங்கே மாறுகிறார் என்று கவனித்தேன், அது என் தொழில் பழக்கம். புற்றுநோய் என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். பயப்பட வேண்டாம் என்பதைச் சிங்களத்தில் சொன்னார். நாக்கின் இடது பாதியை எடுக்க வேண்டும், கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும், நாக்கில் விழும் குழியை மூட முன்கையிலிருந்து தோலையும் அதனுடன் ஓடும் இரத்தக் குழாயையும் எடுத்துத் தைக்க வேண்டும்.

"வீட்டில சிகரெட் பத்துறது நான்" என்றார் என் கணவர். "வருத்தம் வந்தது இவவுக்கு. அது எப்பிடி டொக்டர்?"

அவர் பகிடியாகத்தான் தொடங்கினார். வைத்தியர் அவருடைய சட்டைப் பையில் தெரிந்த பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவரின் புகை காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, சிலருக்குக் காரணமே கிடைப்பதில்லை என்றார். என் கணவர் பெட்டியைக் காற்சட்டைப் பைக்கு மாற்றினார்.

எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. "நான் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர். பிறகு பேச முடியுமா?"

"பேசுவீர்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு விளங்கும்."

"மற்றவர்களுக்கு?"

அவர் பைலை மூடினார். "முதலில் உயிரைப் பார்ப்போம், மிஸிஸ் சிவநேசன்."

அவர் பொய் சொல்லவில்லை, அளந்து சொன்னார். உரைபெயர்ப்பாளருடைய பேச்சு தெளிவில்லாமல் போனால் வேலை போகாது. பதிவறைக்கு மாற்றுவார்கள். அங்கே பழைய வழக்குப் பைல்களுக்கு இலக்கம் போட்டு அடுக்க வேண்டும். என்னைப் போன்ற ஒழுங்கானவளுக்குப் பொருத்தமான வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதற்குப் பயந்த அளவுக்குச் சாவுக்குப் பயப்படவில்லை.

படியிறங்கும்போது கணவர் சொன்னார், "வீட்டில இருக்கிற எனக்கு விளங்கினாக் காணும்தானே. இவ்வளவு காலமும் விளங்கிக்கொண்டுதானே இருக்கிறன்."

"எப்ப விளங்கினது? நான் பாகற்காய் எண்டால் வெண்டிக்காய் வாங்கி வாற ஆள்."

"அது வேணுமெண்டு செய்யிறது."

வாசலுக்கு வெளியே போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார். நான் காற்றுக்கு மேற்பக்கமாக நின்றேன்.

செய்தி பரவியது. குளத்தைச் சுற்றி என்னுடன் நடக்க வரும் பக்கத்து வீட்டு ஆசிரியை மறுநாளிலிருந்து நடையை நிறுத்திவிட்டார். இவ்வளவு பார்த்துச் சாப்பிட்டவளுக்கே வந்துவிட்டதே, பிறகு எதற்கு நடை என்றாராம். சீனி போட்டுத் தேநீர் குடிக்கவும் தொடங்கிவிட்டார் என்று என் மகள் தாரணி சொன்னாள். யாழ்ப்பாணத்திலிருந்து கணவரின் அக்கா தொலைபேசியில் பேசினார். முதலில் அழுதார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் யோசிச்சுப் பாத்தன். எத்தினை இடம் இருக்க ஏன் நாக்கில வந்தது? கோட்டில ஆரேன் சாட்சியின்ரை வாக்கை மாத்திச் சொல்லிப் போட்டியோ? கோவிக்காதை. அப்பிடி ஏதும் இருந்தால் கோயிலில ஒரு அருச்சனை செய்து மன்னிப்புக் கேள்."

"நான் ஒருநாளும் மாத்திச் சொன்னதில்லை மச்சாள்."

"தெரியாமல் செய்திருப்பாய்."

நோய் தெரிந்த நாளில் நான் அழவில்லை. மச்சாள் பேசிய அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். என் வாழ்க்கையில் பெருமைப்பட என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதையே குற்றம் ஆக்கிவிட்டார்.

கிளினிக் விறாந்தையில் நாங்கள் உட்காரும் வாங்குக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும். திறந்த வாய்கள், வெள்ளைப் புண்கள், சிவப்புப் புண்கள். வெற்றிலையைக் கைவிடுங்கள் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அதன் கீழே உட்கார்ந்திருந்தால் போகிறவர் வருகிறவர் படத்தையும் பார்ப்பார், உங்களையும் பார்ப்பார். பக்கத்தில் இருந்த ஒரு பெண், பைக்கற்றில் விற்கும் பாக்குத் தூளின் பெயரைச் சொல்லி, "நீங்க பாபுலா, வெத்தலையா?" என்று சிநேகமாகக் கேட்டாள். உள்ளே போனால் மருத்துவ மாணவர்கள் கேட்பார்கள். வெற்றிலை? புகையிலை? சிகரெட்? சாராயம்? இல்லை, இல்லை, இல்லை, இல்லை. ஒருவர் எழுதி முடித்துப் போனதும் இன்னொருவர் வந்து அதையே கேட்பார். முதல் ஆளிடம் மறைத்ததை இரண்டாவது ஆளிடம் சொல்வேன் என்ற நம்பிக்கை. கூண்டில் நிற்கும் சாட்சியை வக்கீல்கள் இப்படித்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சாட்சிக்கு எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஸ்கான் இயந்திரம் பழுது, வெளியே எடுத்து வரச் சொன்னார்கள். தாரணிக்குப் புதுக் கணினி வாங்க வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. அவள் பழைய கணினியின் உடைந்த மூடிக்கு செலோரேப் ஒட்டிக்கொண்டாள். தோல் எடுக்கப்போகும் கையின் பரிசோதனை எனக்குப் பிடித்திருந்தது. மணிக்கட்டில் ஓடும் இரண்டு இரத்தக் குழாய்களையும் வைத்தியர் அழுத்திப் பிடித்தார். கை வெளுத்தது. ஒன்றை மட்டும் விட்டார், கை சிவந்து வந்தது. ஒரு குழாயை எடுத்தாலும் மற்றது கையைக் காப்பாற்றும் என்று பொருள். "நல்ல கை" என்றார். அந்த மாதங்களில் என் உடம்பைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. பிறகு இடது முன்கையில் மையால் ஒரு செவ்வகம் வரைந்தார். அங்கே எனக்குப் பிறந்ததிலிருந்து ஒரு கறுத்த மச்சம். அதுவும் கோட்டுக்குள் அகப்பட்டது.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் செல்லம்மா இருந்தார். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கன்னத்தின் உட்பக்கம் பயறளவு நோய், தோட்டத்துக்கு வந்த வைத்தியக் குழு கண்டுபிடித்து அனுப்பியிருந்தது. நான் பையை வைத்ததும் கேட்டார்.

"நீங்க எத்தன வாய் போடுவீங்க?"

"நான் வெத்திலை போடுறதில்லை."

"என்கிட்ட சொல்லாட்டி போங்க. டாக்டருகிட்ட ஒத்துக்கிட்டா லேசுங்க. நா இருவது வாய்னு சொன்னேன். ஏசுனாரு. முடிஞ்சிருச்சி."

"உண்மையாப் போடுறதில்லை."

செல்லம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் கேலி இல்லை. "அப்ப எதுக்குங்க உங்களுக்கு வந்திச்சி?"

பதில் சொல்லுமுன் ஒரு மாணவி பைலுடன் வந்தாள். வெற்றிலை போடுவீர்களா என்று சிங்களத்தில் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் செல்லம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், போடுவார், ஐந்து வாய் என்று சொல்லிவிட்டார். மாணவி நிம்மதியாக எழுதினாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"ஒங்கள விட்ருவாங்கல்ல. அஞ்சுதானே சொன்னேன். கொறச்சித்தான் சொன்னேன்."

நான் மாணவியைத் திருப்பிக் கூப்பிட்டு வெட்டச் சொன்னேன். அவள் மேலே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அடியில் எழுதியது நன்றாகவே வாசிக்க முடிந்தது. அதன் பிறகு யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. செல்லம்மா சொன்னபடியே நடந்தது.

மறுநாள் நிபுணர் வார்டைச் சுற்றி வந்தபோது செல்லம்மாவிடம் பேச ஆள் இல்லை. "மிஸிஸ் சிவநேசன், நீங்கள் சொல்வீர்களா?" என்றார். எழுந்து நின்றேன். ஆஸ்பத்திரிச் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். அவர் சொன்னதை முறைப்படி சொன்னேன்.

"நான் நாளைக்கு உங்கட கன்னத்தில இருக்கிறதை வெட்டி எடுப்பன்."

செல்லம்மா கட்டிலில் பின்னால் நகர்ந்தார். "நீங்களா வெட்டப் போறீங்க?"

"அவர்தான். அவர் சொல்லுறதை நான் அப்பிடியே சொல்லுறன்."

"பயந்துட்டேன். சரி, அவருகிட்ட கேளுங்க, பேச்சு வருமான்னு."

கேட்டேன். நன்றாக வரும், இரண்டு நாளில் சத்தம் போட்டே பேசலாம் என்றார் வைத்தியர். அதை நான் தமிழில் சொன்னேன். முழு நாக்கோடு நான் உரைபெயர்த்த கடைசி வாக்கியம் அது, இன்னொருவருக்குப் பேச்சு வரும் என்பது.

என் சத்திரசிகிச்சை அதற்குச் சில நாள் கழித்து. காலையில் கொண்டுபோனார்கள். கணவர் வாசல்வரை தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஏதாவது சொல்லும் என்றார். கட்ட மறந்த மின்சாரக் கட்டணச் சிட்டையைப் பற்றிச் சொன்னேன். வேறு நல்லதாகச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

கண் விழித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். தொண்டைக்குக் கீழே கழுத்தில் ஒரு துளை போட்டு அதில் குழாய் வைத்திருந்தார்கள். நாக்கு வீங்கி மூச்சை அடைக்காமல் இருக்க இது. மூச்சு அந்தத் துளையால் போய் வரும், குரல்நாணுக்குப் போகாது, ஆகவே சத்தம் வராது. கத்தினாலும் வராது. நான் கத்திப் பார்த்தேன். குழாயில் சளி நிறையும்போது தாதி மெல்லிய இன்னொரு குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார். தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துத் தூக்குவது மாதிரி இருக்கும். அடிக்கடி ஒருவர் வந்து டோர்ச் அடித்து, தைத்த தோலை ஊசியால் குத்திப் பார்ப்பார். சிவப்பாக இரத்தம் வந்தால் தோல் உயிரோடு இருக்கிறது. அவர் குத்துவது எனக்குத் தெரியாது. என் வாயில் நடப்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வார்டுக்குத் திரும்பியபோது செல்லம்மா இன்னும் அங்கே இருந்தார். தையலில் கொஞ்சம் சீழ் பிடித்ததால் நிறுத்தி வைத்திருந்தார்கள். சத்தம் போட்டே பேசினார். தாரணி எனக்கு ஒரு வெள்ளைப் பலகையும் பேனையும் கொண்டுவந்து தந்தாள். ஆனால் பலகையில் நான் ஒரு சொல் எழுதுவதற்குள் செல்லம்மா என் முகத்தைப் பார்த்துத் தாதிக்கு உரைபெயர்த்துவிடுவார். மூக்குக் குழாயின் பிளாஸ்தர் இழுக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், இந்தம்மாவுக்கு ஊட்டுக்குப் போகணுமாம். புள்ள நெனப்பு வந்திருச்சாம்."

தாதி வந்து என் தலையைத் தடவினார். அழக் கூடாது அம்மா, சீக்கிரம் போகலாம் என்றார். நான் அழவில்லை. பலகையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"சொல்லிட்டேன்ல?" என்றார் செல்லம்மா.

பார்க்க வந்திருந்த கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவருடைய தோள் குலுங்கியதைக் கண்டேன். அவர் தினமும் உழுத்தங்கஞ்சி காய்ச்சி, துணியில் வடித்து, போத்தலில் கொண்டுவருவார். சமையல் தெரியாதவர். கஞ்சியை மூக்கால் போகும் குழாயில் ஊற்றுவார்கள், அது நேரே வயிற்றுக்குப் போகும், நாக்கில் படாது. அப்படியிருந்தும் போத்தலைத் தரும்போது ஒவ்வொரு நாளும் சொல்வார், "உப்புப் பாத்தனான். அளவாத்தான் இருக்கு." ஒருநாள் உப்புக் கூடிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி காய்ச்சி வந்தார். அவரிடமிருந்து சிகரெட் வாசமும் கஞ்சி வாசமும் சேர்ந்து வந்தன. எது அதிகம் என்று நான் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

வெட்டிய சதையின் அறிக்கை பிறகு வந்தது. ஓரங்களில் நோய் இல்லை, ஆனால் கழுத்து முடிச்சு ஒன்றில் இருந்தது. ஆகவே கதிர்ச் சிகிச்சை. முகத்துக்கு ஒரு வலைமூடி செய்து, மேசையோடு சேர்த்துப் பூட்டி, கதிர் பாய்ச்சுவார்கள். நோகாது. பிறகு தொண்டை வெந்து, எச்சில் வற்றி, மிஞ்சிய பாதி நாக்குக்கும் சுவை போய்விடும். சுவை கொஞ்சம் திரும்பியது. எச்சில் திரும்பவில்லை. எங்கே போனாலும் தண்ணீர்ப் போத்தலோடு போகிறேன்.

குழாய்கள் எடுத்தபின் ஒருநாள் தாரணி டோர்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அம்மா, உங்கட கை மச்சம்."

கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கத்தில், நாக்கு இருந்த இடத்தில், வெளுத்த தோல். அதில் என் மச்சம். பக்கத்தில் ஒரு மயிரும் முளைத்திருந்தது. கிளினிக்கில் செல்லம்மாவைக் கண்டபோது வாயைத் திறந்து காட்டினேன். அவர் வெற்றிலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். பல்லிடுக்கில் சிவப்புத் தெரிந்தது.

"அய்யோ, கருநாக்கா ஆக்கிட்டாங்களே. இனிமே நீங்க சொன்னா பலிச்சிரும். எங்க தோட்டத்துல வேல வாங்குற கணக்கப்புள்ளைய ஒரு வார்த்த சொல்லுங்க."

சொன்னேன்.

"என்னாங்க?" என்றார். திரும்பச் சொன்னேன். அவர் தாரணியைப் பார்த்தார். "என்னா சொல்றாங்க பாப்பா?"

பேச்சுப் பயிற்சி தந்தவர் இளம் பெண், மிகப் பொறுமைசாலி. அவரிடம் இருந்த பயிற்சிகள் சிங்களத்தில்தான் இருந்தன. தமிழுக்கு நானே சொற்களைத் தேடி எடுத்தேன். தோல் ஒட்டிய பக்கம் அசையாது. அது வாயில் வைத்த ஒரு பொருள். நாக்கு நுனி மேலே தொட வேண்டிய இடத்தில் எல்லாம் காற்று ஒழுகியது. விடிய எழுந்து, முன்பு நடை போன நேரத்தில், கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து, சாட்சிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சத்தியப் பிரமாணத்தைச் சொல்லிப் பழகினேன். கணவர் அடுத்த அறையிலிருந்து, "விளங்குது, நல்லா விளங்குது" என்பார். அவருக்கு விளங்கியது உண்மை. நான் அடுத்து என்ன கேட்பேன் என்பது அவருக்கு எப்போதும் தெரியும். சோதித்துப் பார்க்க ஒருநாள் சந்தி ஓட்டோக்காரனுக்கு நானே தொலைபேசி எடுத்து, வீட்டுக்கு வரச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் கேட்டான்.

"காலங்காத்தாலயே ஊத்தியாச்சா?" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வேலைக்குத் திரும்பத் தகுதியா என்று பார்க்கும் மருத்துவச் சபை என் பெயரையும் விலாசத்தையும் வேலையையும் கேட்டது. அவை மூன்றையும் நான் எத்தனையோ தடவை சொல்லிப் பழகியிருந்தேன். மூன்று வைத்தியர்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதினார்கள்.

முதல் நாள் வெள்ளைச் சேலை கட்டினேன். கழுத்துத் தழும்பை மறைக்கத் தாரணி சட்டையின் கழுத்தை உயர்த்தித் தைத்திருந்தாள். கணவர் வாசல்வரை வந்தார். நீதிபதி புதியவர், என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். உங்களுக்கு இலேசாக இருக்கும் ஒரு வழக்கில் தொடங்குவோம் என்று அறைக்கு அழைத்துச் சொன்னார். மடவளையில் ஒரு கடைக்கட்டடத்தின் வாடகை வழக்கு அது. சாட்சி அந்தக் கட்டடத்தில் துணிக்கடை வைத்திருப்பவர், நரைத்த தாடி, இஸ்திரி போட்ட சட்டை. பிரமாணத்தை நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். அது நன்றாகப் போயிற்று. பிரமாணம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

சட்டத்தரணி சிங்களத்தில் கேட்டார், பின்பக்கச் சுவரை இடித்துத் திருத்தியது யாருடைய அனுமதியோடு என்று. தமிழில் சொன்னேன். சாட்சி முன்னால் குனிந்து காதைக் கொடுத்தார். தண்ணீர் ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்தார், பிறகு மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார். மூன்றாவது தடவை சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னேன்.

அவர் நீதிபதியின் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. தாழ்ந்த குரலில், தமிழில் சொன்னார்.

"சேர், எனக்கு இவங்க பேசுற ஒண்ணும் வெளங்குதில்ல. வேற ஓராளப் போடுங்களே. பாவம், இவங்களுக்கு சொகமில்ல போல."

நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தார். மன்றம் முழுவதும் என்னைப் பார்த்தது. கூண்டில் சொன்னதைச் சொல்ல வேண்டியவள் நான். நேராக நின்று சிங்களத்தில் சொன்னேன், "கனம் நீதிபதி அவர்களே, எனக்கு இவர் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. வேறொருவரை நியமியுங்கள். பாவம், இவருக்குச் சுகமில்லைப் போலிருக்கிறது."

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். "மன்னிக்க வேண்டும். சாட்சி என்ன சொன்னார்? எனக்குச் சரியாகக் கேட்கவில்லை."

இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மறுபடி சொன்னேன். பாவம் என்பதையும் விடவில்லை. தட்டச்சு செய்கிறவர் கையை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டு, பிறகு தட்டினார்.

நீதிபதி பதிவேட்டைத் திறந்து நாட்களைப் பார்த்தார். பிறகு, இந்தச் சாட்சியத்தை இன்னொரு உரைபெயர்ப்பாளருடன் வேறொரு நாளுக்குத் தள்ளி வைப்பதாகச் சொன்னார். அது சாட்சிக்குத் தெரிய வேண்டும். நான் அவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம் குனிந்து, நீதிபதி என்ன சொன்னார் என்று கேட்டார்.